ரெண்டு பிளாக் ஹோல் என்டாங்கிள் ஆனா நடுவுல வார்ம்ஹோல் வருமா? குதிச்சா அந்தப் பக்கம் போயிடலாமா?

தூங்காநகரம்:

மக்களே ஒரு சந்தேகம், தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க. யூடியூப்ல ஒரு வீடியோ பாத்தேன், ரெண்டு பிளாக் ஹோல் எத்தனை ஒளியாண்டு தள்ளி இருந்தாலும் சரி, அது ரெண்டும் குவாண்டம் என்டாங்கிள்மென்ட்ல, அதாவது ரெண்டோட நிலையும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடந்துச்சுன்னா, நடுவுல ஒரு வார்ம்ஹோல், அதாவது ஸ்பேஸ்ல ரெண்டு இடத்த இணைக்கிற ஒரு சுரங்கம் இருக்கும், அதுக்கு ஈஆர் = ஈபிஆர்னு பேரு, அப்படின்னு சொல்லிட்டு பின்னாடி பயங்கரமா மியூசிக் போட்டு முடிச்சுட்டாங்க. நான் பிஎஸ்சி பிசிக்ஸ் படிச்சு பல வருஷம் ஆச்சு, இப்ப பாக்குற வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா என்டாங்கிள்மென்ட்ட வச்சு ஒளிய விட வேகமா சேதி அனுப்ப முடியாதுன்னு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. அப்ப வார்ம்ஹோல் இருக்குன்னா அது வழியா ஒரு லெட்டராச்சும் அனுப்பலாம்ல? ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? இது நிரூபிச்ச விஷயமா இல்ல சும்மா கற்பனையா? லைகோங்கிற ஈர்ப்பலை ஆய்வகத்துல கண்டுபிடிச்சாங்களே ஒண்ணோட ஒண்ணு மோதுன பிளாக் ஹோல், அதுங்களுக்கு நடுவுலயும் இது இருந்துச்சா? கூகுள்காரங்க 2022ல வார்ம்ஹோலே பண்ணிட்டாங்கன்னு வேற கமென்ட்ல ஒருத்தர் போட்டிருந்தார். மொத்தமா தலை சுத்துது.

ஒளிக்கூம்பு:

நல்ல இடத்துல தான் கை வச்சிருக்கீங்க ப்ரோ, நீங்க முரண்பாடுன்னு நினைக்கிற இடம் தான் இந்த ஐடியாவோட உயிரே.

முதல்ல பேரு. 1935ல ஐன்ஸ்டீன் பிரின்ஸ்டன்ல இருந்தப்ப ரெண்டு பேப்பர் போட்டார், ரெண்டும் பிசிக்கல் ரிவ்யூ ஜர்னல்ல தான். மே மாசம் வந்தது ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் மூணு பேரும் எழுதுனது, அது தான் ஈபிஆர், என்டாங்கிள்மென்ட் பத்தின சண்டை அங்க தான் ஆரம்பிக்குது. ஜூலைல வந்தது ஐன்ஸ்டீனும் ரோசனும் மட்டும் எழுதுனது, அது தான் ஈஆர், பொதுச் சார்பியல் சமன்பாட்டுல வெளியோட (ஸ்பேஸ்) ரெண்டு தகட்ட ஒரு பாலம் இணைக்கிற மாதிரி ஒரு தீர்வு வருதுன்னு சொன்னது. அதுல அவங்க குறி பிளாக் ஹோலே கிடையாது, எலக்ட்ரான் மாதிரி துகள இந்தப் பாலமா காட்ட முடியுமான்னு பாத்தாங்க. ரெண்டு மாச இடைவெளில, ரெண்டு பேப்பர்லயும் ஐன்ஸ்டீனும் ரோசனும் இருக்காங்க, ஆனா ஒண்ண இன்னொண்ணோட முடிச்சுப் போட யாருக்கும் தோணல. 2013ல மால்டசேனா, சஸ்கிண்ட்னு ரெண்டு இயற்பியலாளர்கள் தான் ரெண்டும் ஒரே விஷயத்தோட ரெண்டு முகம்னு தைரியமா எழுதுனாங்க.

இப்ப உங்க கேள்வி. லெட்டர் அனுப்பலாமான்னா முடியாது, ஏன்னா ஐன்ஸ்டீன்-ரோசன் பாலம் வழியா எதுவுமே அந்தப் பக்கம் போய்ச் சேராது. 1962லயே புல்லரும் வீலரும் கணக்குப் போட்டு காட்டிட்டாங்க, அந்தப் பாலம் சும்மா நிக்கிற பாலம் இல்ல, நேரம் போகப் போக உள்ள நீண்டுக்கிட்டே போகுது, நடுவுல கழுத்து சுருங்கி அத்துப் போகுது, ஒளிக்கதிரே ஒரு முனைல நுழைஞ்சாலும் மறுமுனைக்கு வர்றதுக்குள்ள பாலம் போயிடும். அதனால இந்த வகை வார்ம்ஹோல் இருந்தாலும் வெளில நிக்கிறவன் எவனும் சேதி அனுப்ப முடியாது. என்டாங்கிள்மென்ட்லயும் அதே கதை, தொடர்பு இருக்கும், சேதி போகாது. ரெண்டுக்கும் ஒரே தடை, ஒரே எல்லை, அது தான் இது ரெண்டும் ஒண்ணா இருக்குமோன்னு சந்தேகத்தக் கிளப்புன முதல் விஷயம். குறுக்கு வழின்னு படத்துல காட்டுற வார்ம்ஹோல மனசுல வச்சுக்கிட்டா இது புரியவே புரியாது, அது 1988ல மோரிஸும் தோர்னும் எழுதுன வகை, அத தொறந்து வைக்க நெகட்டிவ் எனர்ஜி வேணும், அது வேற கதை.

அடுத்து, இதுக்கு நிஜமாவே கணக்கு எங்க இருக்குன்னு சொல்றேன், வீடியோல எவனும் சொல்ல மாட்டான். ரெண்டு தனித்தனி குவாண்டம் சிஸ்டம் எடுத்துக்கோங்க, இடது வலதுன்னு. ரெண்டுக்கும் ஒரே மாதிரி எனர்ஜி லெவல்கள். இடது எந்த லெவல்ல இருக்கோ வலதும் அதே லெவல்ல இருக்கணும், அப்படி எல்லா ஜோடியையும் சேத்து ஒரு சூப்பர்பொசிஷன், அதாவது எல்லா நிலையும் ஒரே நேரத்துல கலந்த ஒரே நிலை, எழுதணும், உயரமான லெவலுக்கு எடை கம்மி, கீழ் லெவலுக்கு எடை ஜாஸ்தி. இதுக்கு தெர்மோஃபீல்ட் டபுள்னு பேரு. இதுல வலது பக்கத்த மறந்துட்டு இடது பக்கத்த மட்டும் பாத்தீங்கன்னா அது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைல சூடா இருக்கிற சாதாரணப் பொருள் மாதிரியே தெரியும். சூடான சிஸ்டம்னா ஈர்ப்பு மொழில பிளாக் ஹோல். ஆக ரெண்டு பிளாக் ஹோல், முழுக்க முழுக்க என்டாங்கிள் ஆனது. இந்த நிலைக்கு ஈடான வடிவம் என்னன்னு பாத்தா ரெண்டு பக்கமும் ஒரு ஐன்ஸ்டீன்-ரோசன் பாலத்தால சேந்திருக்கிற பிளாக் ஹோல்னு மால்டசேனா 2000 வாக்கிலயே காட்டிட்டார், அதாவது 2013க்கு பத்து வருஷத்துக்கு மேல முன்னாடியே. இன்னும் அழகு என்னன்னா, அந்தப் பாலத்தோட கழுத்து எவ்ளோ அகலம்ங்கிறதும் ரெண்டு பக்கமும் எவ்ளோ என்டாங்கிள் ஆகியிருக்குங்கிறதும் ஒரே எண். கழுத்தோட பரப்ப பிளாங்க் அலகுல, அதாவது இயற்பியல்ல ரொம்ப ரொம்பச் சின்ன அளவுல, அளந்து நாலால வகுத்தா என்டாங்கிள்மென்ட் என்ட்ரோபி வந்துடும். 2010ல வான் ராம்ஸ்டாங்க் இதையே தலைகீழா யோசிச்சார், என்டாங்கிள்மென்ட்ட கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சா என்ன ஆகும்னு. கழுத்து மெலிஞ்சுக்கிட்டே போகும், ரெண்டு பக்கமும் விலகிக்கிட்டே போகும், கடைசில ரெண்டு தனி வெளியா பிஞ்சு போகும். வெளியையே ஒட்டி வச்சிருக்கிற பசை என்டாங்கிள்மென்ட் தானோன்னு அங்க இருந்து தான் பேச்சு ஆரம்பிச்சது.

கணக்குவாத்தியார்:

மேல ஒளிக்கூம்பு சொன்னது எல்லாம் சரி தான், ஆனா ஒரு விஷயத்த சத்தமா சொல்லணும். அவர் சொன்ன கணக்கு எல்லாம் ஆன்டி-டி சிட்டர் வெளில போட்டது, சுருக்கமா ஏடிஎஸ், அதாவது வெளி எப்படி விரியும்ங்கிறதுல பங்கு உள்ள காஸ்மலாஜிகல் கான்ஸ்டன்ட்ங்கிற எண் நெகட்டிவா இருக்கிற ஒரு கற்பனைப் பிரபஞ்சம். ஈர்ப்பு உள்ள அந்த வெளியையும் ஈர்ப்பே இல்லாத ஒரு குவாண்டம் சிஸ்டத்தையும் ஒண்ணுக்கொண்ணு மொழிபெயர்க்கிற மாதிரி 1997ல மால்டசேனா கொண்டு வந்த ஏடிஎஸ்-சிஎஃப்டி தொடர்பு அங்க தான் ஒழுங்கா வேலை செய்யுது. நம்ம பிரபஞ்சம் 1998ல தெரிஞ்ச மாதிரி விரிவு வேகமாகிக்கிட்டே போற பிரபஞ்சம், கான்ஸ்டன்ட் பாசிட்டிவ். அங்க போட்ட கணக்கு இங்க அப்படியே செல்லும்னு எடுத்துக்க முடியாது.

"ரெண்டு பிளாக் ஹோல் தெர்மோஃபீல்ட் டபுள்ல இருந்தா பாலம் இருக்கு"ங்கிறது ஏடிஎஸ்க்குள்ள கிட்டத்தட்ட உறுதி. "எந்த ரெண்டு பொருள் என்டாங்கிள் ஆனாலும், ரெண்டே ரெண்டு எலக்ட்ரான் ஆனாலும், நடுவுல ஒரு பாலம் இருக்கு"ங்கிறது ஊகம், அவங்களே பேப்பர்ல ஊகம்னு தான் எழுதியிருக்காங்க. ஒரே ஒரு ஜோடி எலக்ட்ரானுக்கு நடுவுல இருக்கிற பாலம்னா அதுக்கு நீளம் அகலம்னு சொல்றதுக்கே அர்த்தம் இல்ல, பிளாங்க் அளவுல இருக்கும், அத வடிவியல்னு கூப்பிடுறதே கொஞ்சம் தாராளம் தான். யூடியூப்காரங்க இந்த ரெண்டாவத முதலாவது மாதிரி வித்துடுறாங்க, அதுல தான் எனக்குக் கடுப்பு.

லைகோ விஷயம். 2015 செப்டம்பர் 14ல பதிவான முதல் சிக்னல், சுமார் 36 சூரிய எடையும் 29 சூரிய எடையும் உள்ள ரெண்டு பிளாக் ஹோல் சேந்து 62 ஆச்சு, மிச்சம் 3 சூரிய எடை ஈர்ப்பலையா போச்சு. அது ரெண்டுக்கும் நடுவுல இந்த மாதிரி பாலம் எதுவும் இருக்க வேண்டிய அவசியம் இல்ல. நட்சத்திரம் சுருங்கி உருவாகுற பிளாக் ஹோலுக்கு மறுபக்கமே கிடையாது, உள்ள பாத்தா சுருங்குன நட்சத்திரத்தோட சரக்கு தான் இருக்கும். பக்கத்துல பக்கத்துல சுத்துறதால மட்டும் இந்த அளவுக்கு என்டாங்கிள் ஆகிடாது.

இந்த அளவுன்னா எவ்ளோன்னு பாருங்க. சூரிய எடை உள்ள ஒரு பிளாக் ஹோலோட ஆரம் சுமார் 3 கிலோமீட்டர், நம்ம ஊர்ல ஒரு பஸ் ஸ்டாண்டுல இருந்து அடுத்த ஸ்டாப்பு ரெண்டு மூணு தாண்டுற தூரம். ஆனா அதோட என்ட்ரோபி, அதாவது அதுல எத்தனை குவாண்டம் துண்டு அடங்கும்ங்கிற கணக்கு, 1க்கு பின்னாடி 77 சைபர். முழுப் பாலம் வேணும்னா அத்தனை ஜோடியும் என்டாங்கிள் ஆகணும், அதுவும் கண்டபடி இல்ல, சரியான வரிசைல.

தூங்காநகரம்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, வீடியோ பாத்தத விட இது பத்து மடங்கு தெளிவு. ஆனா இன்னும் ரெண்டு கேள்வி இடிக்குது. ஒண்ணு, அப்படி ரெண்டு பிளாக் ஹோல செய்யவே முடியாதா, கொள்கை அளவுல கூட? ரெண்டு, அந்தப் பக்கம் வெளில வர முடியாது சரி, ஆனா நான் இங்க இருந்து குதிக்கிறேன் என் ஃப்ரெண்டு அங்க இருந்து குதிக்கிறான், நடுவுல சந்திக்கலாமா? வீடியோல சந்திக்கலாம்னு தான் சொன்னாங்க, அது மட்டும் எப்படி?

ஒளிக்கூம்பு:

சந்திக்கலாம், அது வீடியோக்காரங்க விட்ட கதை இல்ல, 2013 பேப்பர்லயே இருக்கு.

நீங்க உங்க பக்கத்து அடிவானத்தத் (தாண்டுனா திரும்பி வர முடியாத எல்லை) தாண்டி உள்ள போறீங்க, அவரு அவரு பக்கத்து அடிவானத்தத் தாண்டி உள்ள வர்றார், ரெண்டு பேருக்கும் உள்பக்கம் ஒண்ணு தான். வெளில பல கோடி ஒளியாண்டு தூரம், உள்ள கை குலுக்குற தூரம். சந்திச்சத வெளில இருக்கிற யாருக்கும் சொல்ல முடியாது, ரெண்டு பேரும் எல்லாம் நசுங்கி முடியிற சிங்குலாரிட்டில போய் முடிஞ்சுடுவீங்க, அதனால தான் விதி எதுவும் உடையல. இன்னொரு கண்டிஷன், ரெண்டு பேரும் சீக்கிரமே குதிக்கணும். பாலம் உள்ள நீண்டுக்கிட்டே போகுதுன்னு சொன்னேன்ல, லேட்டா குதிச்சா ஒருத்தர ஒருத்தர் பாக்குறதுக்குள்ள சிங்குலாரிட்டி வந்துடும். பேச எவ்ளோ நேரம் கிடைக்கும்னா பிளாக் ஹோலோட எடையப் பொறுத்தது. சூரிய எடை பிளாக் ஹோல்னா அடிவானத்துல இருந்து சிங்குலாரிட்டி வரைக்கும் அதிகபட்சம் 15 மைக்ரோசெகண்ட் தான், வணக்கம்னு வாயத் தொறக்கக் கூட நேரம் இல்ல. 2019ல போட்டோ புடிச்சாங்களே எம்87, சுமார் 650 கோடி சூரிய எடை, அந்த சைஸ்ல ரெண்டு இருந்துச்சுன்னா அதிகபட்சம் ஒரு நாளுக்கு மேல கிடைக்கும். பழைய கதையெல்லாம் பேசி முடிச்சுடலாம்.

செய்யிறதுக்கு ரெண்டு வழி அந்தப் பேப்பர்லயே சொல்லியிருக்காங்க. ஒண்ணு, பலமான காந்தப்புலத்துல வெற்றிடத்துல இருந்து எதிர் எதிர் சார்ஜ் உள்ள பிளாக் ஹோல் ஜோடியா பொறக்கிறது, அப்படிப் பொறக்கிற ஜோடி பொறக்கும் போதே பாலத்தோட தான் பொறக்கும்னு கணக்கு. ரெண்டாவது இன்னும் விசித்திரம். ஒரு பிளாக் ஹோல் ஹாக்கிங் கதிர்வீச்சா, அதாவது அதுல இருந்து மெதுவா கசியிற வெப்பக் கதிர்வீச்சா, பாதிக்கு மேல ஆவியாகட்டும்னு விட்டு, வெளில வந்த அத்தனை கதிர்வீச்சையும் ஒண்ணு விடாம புடிச்சு, அத அமுக்கி இன்னொரு பிளாக் ஹோலா ஆக்குறது. கதிர்வீச்சு பழைய பிளாக் ஹோலோட என்டாங்கிள் ஆகித் தான் வெளில வருது, அதனால இப்ப உங்க கைல இருக்கிறது என்டாங்கிள் ஆன ஜோடி. நடைமுறைல? சூரிய எடை பிளாக் ஹோல் ஆவியாக 1க்கு பின்னாடி 67 சைபர் போட்ட வருஷம் ஆகும், பிரபஞ்சத்துக்கே வயசு 1380 கோடி வருஷம் தான். அது போக அதோட வெப்பநிலை ஒரு கெல்வின்ல பத்து கோடில ஆறு பங்கு தான், சுத்தி இருக்கிற பின்னணிக் கதிர்வீச்சு 2.7 கெல்வின், அதனால இப்போதைக்கு அது ஆவியாகவே ஆகாது, உள்ள வாங்கித் தின்னுக்கிட்டு தான் இருக்கும்.

இந்த ரெண்டாவது வழி சும்மா விளையாட்டுக்கு யோசிச்சது இல்ல, இந்தப் பேப்பர் எழுதுனதுக்கே அது தான் காரணம். 2012ல அல்மெய்ரி, மரோல்ஃப், போல்சின்ஸ்கி, சல்லின்னு நாலு பேரு ஒரு குண்டத் தூக்கிப் போட்டாங்க. பாதிக்கு மேல ஆவியான பழைய பிளாக் ஹோல்ல இருந்து இப்ப வெளில வர்ற ஒரு துகள், தகவல் அழியாம இருக்கணும்னா முன்னாடியே வெளில போன கதிர்வீச்சோட முழுசா என்டாங்கிள் ஆகியிருக்கணும். ஆனா அடிவானம் சாதாரண வெற்றிடமா இருக்கணும்னா அதே துகள் உள்ள இருக்கிற ஜோடியோடயும் முழுசா என்டாங்கிள் ஆகியிருக்கணும். ஒரு துகள் ரெண்டு பேரோட முழுசா என்டாங்கிள் ஆக குவாண்டம் விதி விடாது. அப்ப ஒண்ண விட்டுக் கொடுக்கணும், அடிவானத்துல வெற்றிடம் கிடையாது, நெருப்புச் சுவர் தான் இருக்கு, குதிச்சவன் அங்கயே சாம்பல்னு சொல்லிட்டாங்க. பொதுச் சார்பியல் படிச்சவனுக்கு இது ஜீரணமே ஆகாது. ஈஆர் = ஈபிஆர் அதுக்கு சொன்ன பதில், நீங்க ரெண்டு பேருன்னு நினைக்கிற அந்த ரெண்டும் ஒரே ஆள் தான், வெளில தூரமா போன கதிர்வீச்சும் உள்ள இருக்கிற ஜோடியும் பாலம் வழியா ஒண்ணு தான்னு. பேப்பர்ல இதுக்கு ஆக்டோபஸ் மாதிரி ஒரு படம் போட்டிருப்பாங்க, உடம்பு பிளாக் ஹோல், கால் ஒவ்வொண்ணும் வெளில போன கதிர்வீச்சுக்குப் போகுது. எனக்கு மொத்தப் பேப்பர்லயும் புடிச்சது அந்தப் படம் தான்.

சிலிக்கான்_சித்தர்:

கூகுள் மேட்டருக்கு நான் பதில் சொல்றேன், குவாண்டம் கம்ப்யூட்டிங் பக்கம் கொஞ்சம் மேஞ்சிருக்கேன்.

முதல்ல ஒரு பின்னணி. 2016ல காவ், ஜஃபெரிஸ், வால் மூணு பேரு, பாலத்தோட ரெண்டு முனையையும் வெளில வச்சு லேசா ஒரு தொடர்பு கொடுத்தா உள்ள நெகட்டிவ் எனர்ஜி உண்டாகி கழுத்து அத்துப் போகாம தொறந்துக்கும், அப்ப ஒரு சேதி நிஜமாவே அந்தப் பக்கம் வந்துடும்னு காட்டுனாங்க. இதுல ஏமாத்து இல்ல, வெளில கொடுக்கிற அந்தத் தொடர்பு ஒளி வேகத்துக்குள்ள தான் போகணும், அதனால யாரும் ஒளிய முந்தல. குவாண்டம் டெலிபோர்ட்டேஷன் தெரிஞ்சவங்களுக்கு இது பாத்த மாதிரியே இருக்கும், அங்கயும் என்டாங்கிள் ஆன ஜோடியோட சாதாரண வழில ரெண்டு பிட்டு அனுப்பியே ஆகணும். வார்ம்ஹோல் வழியா போறதுங்கிறது டெலிபோர்ட்டேஷனயே உள்ள இருந்து பாக்குற கோணம்.

2022ல நேச்சர்ல வந்த பேப்பர் இத தான் கூகுளோட சிகமோர்ங்கிற குவாண்டம் சிப்ல பண்ணிப் பாத்தது. 9 க்யூபிட் (குவாண்டம் பிட்), ரெண்டு க்யூபிட்ட சேத்து வேலை செய்யிற கேட் 164. எஸ்ஒய்கேன்னு ஒரு மாடல் இருக்கு, சச்தேவ், யே, கிட்டேவ் பேரு வச்சது, அது ரொம்ப தாழ்ந்த பரிமாணத்துல ஒரு பிளாக் ஹோல் மாதிரி நடந்துக்கும். முழு மாடல ஓட்ட அந்த சிப்பால ஆகாது, அதனால மெஷின் லேர்னிங் வச்சு அத வெட்டிச் சுருக்கி ஓட்டுனாங்க, ஒரு பக்கம் போட்ட தகவல் மறுபக்கம் வந்துச்சு. உடனே பத்திரிகைல எல்லாம் வார்ம்ஹோல் செஞ்சுட்டாங்கன்னு தலைப்பு. லேப்ல ஸ்பேஸ்ல எந்த ஓட்டையும் விழல சாமி. 9 க்யூபிட்னா மொத்தமே 512 எண் தான், உங்க பழைய லேப்டாப்பே அந்தக் கணக்கப் போட்டுடும். அப்ப லேப்டாப்புக்குள்ள வார்ம்ஹோல் வந்துச்சான்னு கேட்டா என்ன சொல்வீங்க?

அடுத்த வருஷமே கோப்ரின், ஷூஸ்டர், யாவ் மூணு பேரும் அந்த வெட்டிச் சுருக்குன மாடல நோண்டிப் பாத்துட்டு, இதுல இருக்கிற உறுப்புகள் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு இடம் மாத்திப் போட்டாலும் மாறாத வகை, பிளாக் ஹோலுக்கு வேண்டிய, தகவல எல்லா இடத்துக்கும் கலக்கிப் பரப்புற அந்தக் கலங்கல் இதுல ஒழுங்கா இல்லன்னு கமென்ட் எழுதுனாங்க. முதல்ல எழுதுனவங்க பதிலும் போட்டாங்க. என்னோட கருத்து, சர்க்யூட் பண்ணுனது நல்ல இன்ஜினியரிங், தலைப்பு போட்டது அநியாயம்.

தூங்காநகரம்:

512 எண்ணா! அந்த கமென்ட் போட்டவருக்கு இத காட்டணும். கணக்குவாத்தியார் சார், நீங்க இன்னும் இத நம்பலன்னு தோணுது, ஏடிஎஸ் தவிர வேற எதாச்சும் காரணம் இருக்கா?

கணக்குவாத்தியார்:

நம்பிக்கை இல்லாம இல்ல, ஒரு இடம் உறுத்துது. குவாண்டம்ல அளக்கக் கூடிய எதையும் ஒரு லீனியர் ஆபரேட்டரா, அதாவது நிலைகளக் கூட்டுனா விடையும் அப்படியே கூடுற கணக்குக் கருவியா, எழுதலாம். ஆனா "இந்த ரெண்டும் என்டாங்கிள் ஆகியிருக்கா"ங்கிறதுக்கு அப்படி ஒரு ஆபரேட்டர் கிடையாது, ஏன்னா துளிக்கூட என்டாங்கிள் ஆகாத நிலைகளா எடுத்து கூட்டுனாலே என்டாங்கிள் ஆன நிலை வந்துடும். தெர்மோஃபீல்ட் டபுளே அப்படித் தான் எழுதுறோம், ஒவ்வொரு ஜோடியும் தனியா பாத்தா பாலமே இல்லாத ரெண்டு தனி வெளி, எல்லாத்தையும் கூட்டுனா பாலம். ஆனா பாலம் இருக்கா இல்லையாங்கிறது வெளியோட அமைப்பு பத்தின கேள்வி ஆச்சே, அத அளந்து பாத்து ஆமா இல்லன்னு சொல்ல முடியணும்னு தான் நாம இத்தனை நாளா நினைச்சோம். ஈஆர் = ஈபிஆர் சரின்னா அப்படி ஒரு அளவீடே கிடையாதுன்னு ஆகுது. அது எனக்கு சுலபமா தொண்டைல இறங்கல.

ஒளிக்கூம்பு:

அதே இடத்துல நான் எதிர்ப்பக்கம் நிக்கிறேன் சார். வெளில நிக்கிறவன் எந்த அளவீட்டாலயும் பாலத்தக் கண்டுபிடிக்க முடியாது, உள்ள குதிச்சவன் கண்டுபிடிப்பான் ஆனா வெளில வந்து சொல்ல முடியாது, இது பொதுச் சார்பியல்லயே இருக்கிற நிலைமை தானே? ஆபரேட்டர் இல்லன்னு குவாண்டம் பக்கம் சொல்றதும் இதுவும் நல்லா பொருந்துதுன்னு தான் நான் எடுத்துக்கிறேன்.

கணக்குவாத்தியார்:

உள்ள குதிச்சவன் அளக்கிறதுக்கும் ஒரு ஆபரேட்டர் வேணும்ல ஐயா, அவனும் குவாண்டம் விதிக்குள்ள தானே இருக்கான். நிலைக்குத் தகுந்த மாதிரி ஆபரேட்டரும் மாறும்னு சில பேரு எழுதுறாங்க, அப்படி விட்டா சாதாரண குவாண்டம் மெக்கானிக்ஸ்ல கை வைக்க வேண்டி வரும். ஹாக்கிங் கதிர்வீச்சு கேஸ்லயும் இதே தலைவலி தான். அத இந்தத் திரில இழுத்தா தூங்காநகரம் நிஜமாவே தூங்க மாட்டார், தனித் திரி ஒண்ணு போடுங்க, அங்க வந்து சண்டை போடுறேன்.